நம்புற மாதிரி ஒரு பொய்

பிள்ளைகளை ஆசையாக எழுத வைக்க என்ன செய்யலாம் என்று நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஆண்டு மலரில் போடப் போகிறார்களாம். இப்போதெல்லாம் கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் செல்போனைத் திறந்து ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடுகிறார்கள், நாற்பது நோட்டிலும் ஒரே கட்டுரை, இதற்கு என்ன வழி டீச்சர் என்று ஒரே புலம்பல். எனக்குச் சிரிப்புதான் வந்தது. செல்போனே இல்லாத காலத்தில் ஐம்பத்தெட்டு நோட்டில் ஒரே கட்டுரையைத் திருத்தினவள் நான். வழி என்னவென்று என்னைக் கேட்டால், பிள்ளைகளைப் பொய் சொல்ல விடுங்கள் என்பேன். அதற்கு முன்னால் பீரோவுக்கு ஒரு பூட்டு வாங்குங்கள் என்பேன். பூட்டின் அருமை எனக்குப் புரிவதற்குள் ஒரு பிள்ளையின் படிப்பே போகப் பார்த்தது. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், மலரில் எத்தனை பக்கம் வருமோ வரட்டும்.

நான் தமிழ் படித்ததையும் வேலைக்கு அலைந்ததையும் எழுதினால் யாருக்கும் பிரயோஜனமில்லை. இருபத்தாறு வயதில் ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். தினமும் பஸ். உட்கார இடம் கிடைத்தால் மடியில் நோட்டுக்கட்டு, கையில் சிவப்புப் பேனா. பஸ் குலுங்கும்போது போட்ட சுழியெல்லாம் கோணல்மாணலாக இருக்கும். "டீச்சர், இது தப்பா, சரியா?" என்று பிள்ளைகள் வந்து கேட்பார்கள். சில சமயம் எனக்கே தெரியாது.

கட்டுரை நோட்டு என்றால் அந்தக் காலத்தில் சாமானியப்பட்ட சமாச்சாரமில்லை. மாதத்துக்கு மூன்று கட்டுரை. முன்னுரை, அதற்குக் கீழே கோடு. நடுவில் நாலு உபதலைப்பு, ஒவ்வொன்றுக்கும் கோடு. முடிவுரை, அதற்கும் கோடு. நான் சிவப்பு மையில் திருத்த வேண்டும், பிள்ளை தவறான சொல்லை அடியில் ஐந்து தடவை எழுத வேண்டும், அதையும் பார்த்து நான் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை பத்து நோட்டு பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, மேசைக்குப் போகும். அவர் பச்சை மையில் ஒரு கையெழுத்துப் போடுவார். வருஷத்துக்கு ஒரு தடவை ஆய்வுக்கு வருகிற அதிகாரி இதையெல்லாம் எண்ணிப் பார்ப்பார். சத்தியமாகச் சொல்கிறேன், எண்ணத்தான் செய்வார், ஒரு வரி வாசித்து நான் பார்த்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒன்பதாம் வகுப்புக்கு 'நான் கண்ட பொருட்காட்சி' என்று தலைப்புக் கொடுத்தேன். ஐம்பத்தெட்டு பேரும் மாமாவோடு மெட்ராஸுக்கு ரயிலில் போயிருந்தார்கள். ஐம்பத்தெட்டு பேரும் ராட்டினத்தில் சுற்றினார்கள், பெரிய அப்பளம் தின்றார்கள், அறிவை வளர்த்துக்கொண்டு திரும்பினார்கள். முப்பதாவது நோட்டில் எனக்குப் பொறுமை போய்விட்டது. மறுநாள் வகுப்பில் கேட்டேன்: "நெசமாவே மெட்ராஸ் போனவ எத்தனை பேரு? கையத் தூக்குங்க."

ஒரே ஒரு கை. நூர்ஜகான். அவளுடைய மாமா பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார், சரக்கெடுக்கப் போகும்போது கூட்டிப்போயிருக்கிறார்.

"அப்ப நீ பார்த்தத எழுத வேண்டியதுதானே? ஒன் நோட்டுலயும் அதே அப்பளம்தானே இருக்கு?"

"நான் பார்த்தது நோட்ஸ்ல இல்லையே டீச்சர்" என்றாள் அவள், ரொம்பப் பணிவாக.

பிள்ளைகள் மேல் கோபமில்லை, என் மேல்தான். நோட்ஸ் வாங்கச் சொன்னதே நான்தானே!

அதற்கப்புறம்தான் 'சொந்த நோட்டு' என்று ஒன்றை ஆரம்பித்தேன். புது நோட்டு வாங்கச் சொன்னால் வீட்டில் திட்டு விழும். அதனால் போன வருஷ நோட்டுகளில் எழுதாமல் மிச்சம் கிடக்கிற தாள்களைக் கிழித்து, ஒன்றாகச் சேர்த்து, சாக்கு ஊசியால் தைத்துக் கொண்டுவரச் சொன்னேன். அட்டை கிடையாது. சில தாளின் ஒரு பக்கத்தில் பழைய கணக்குகூட இருக்கும். வியாழக்கிழமை மத்தியானம் கடைசி இரண்டு பீரியட் அந்த நோட்டுக்கு. சிவப்பு மை அதில் படாது, முன்னுரை முடிவுரை வேண்டாம், என்னைத் தவிர ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அந்தச் சத்தியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம் கொடுத்துவிட்டேன், பிள்ளைகள் எழுதிக் குவிக்கப் போகிறார்கள் என்று நினைத்தால், ம்ஹூம். 'எங்கள் வீட்டில் பசு உள்ளது. அது பால் தரும்.' ஐந்து வாரம் இப்படியே போனது. என்ன எழுதினாலும் நல்ல பிள்ளையாகத் தெரிய வேண்டும் என்ற பயம் அவர்களுக்கு. அதை எப்படி உடைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. ஆறாவது வியாழக்கிழமை எரிச்சலில் சொன்னதுதான் இது: "ஏட்டி, ஒங்களுக்கு உண்மைதான் எழுத வரல. பொய்யாவது சொல்ல வருமா? நான் நம்புற மாதிரி ஒரு பொய் எழுதுங்க பாப்போம்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் விடவில்லை. ராஜா ராணி, பேய் பிசாசு வரக் கூடாது. நமக்குத் தெரிஞ்ச தெருவில், நமக்குத் தெரிஞ்ச கடையில் நடக்க வேண்டும். கடைசியில் 'கண்விழித்தேன், எல்லாம் கனவு' என்று முடித்தால் முட்டைதான் மார்க்கு. விருப்பமுள்ளவள் வாசிக்கலாம், கேட்கிறவர்கள் நம்பினால் கை தூக்க வேண்டும். இம்புட்டுத்தான் விதி.

அடேயப்பா, அன்றைக்குப் பேனாக்கள் ஓடிய ஓட்டம்! ஒருத்தி எழுதினாள்: பக்கத்து வீட்டு ராஜபாளையம் நாய்க்குக் காது கேட்காது, ஆனாலும் தன் எஜமானர் வருகிற பஸ் எதுவென்று அதற்குத் தெரியும், தரையில் தாடையை வைத்துப் படுத்துக் கண்டுபிடிக்கும். எல்லோரும் கை தூக்கினோம். நூர்ஜகான் எழுதினாள்: மாமா கடைக்கு ஒரு பெரியவர் தினமும் வருவார், தொங்குகிற கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போவார், எதுவும் வாங்க மாட்டார். மாமா திட்டிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் அவர் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு மாமா அந்தக் கண்ணாடியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். வகுப்பு கப்சிப். மெட்ராஸில் அப்பளம் தின்ற அதே நூர்ஜகான்! "நெசமாடி?" என்று ஒருத்தி கேட்க, "பொய்தானே எழுதச் சொன்னாவ" என்று இவள் சொல்ல, பிடித்தது பாருங்கள் கூச்சல், பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப்பார்க்கிற அளவுக்கு.

கை எண்ண நிமிர்ந்தேன். கடைசி பெஞ்சில் பெரிய டீச்சர் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. அவரும் கை தூக்கியிருந்தார்.

பெரிய டீச்சரை, எஸ்தர் டீச்சரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. எங்கள் தலைமையாசிரியை, கணக்கு வாத்தியார் மகள், தானும் கணக்கு டீச்சர். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை. சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. தப்புச் செய்தவரை அறைக்குக் கூப்பிடுவார், "உக்காருங்க. தண்ணி குடிங்க" என்பார். பானையிலிருந்து தானே மோந்து தம்ளரில் கொடுப்பார். குடித்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்தத் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் நாம் செய்த தப்பெல்லாம் நமக்கே வரிசையாக ஞாபகம் வந்துவிடும். அவர் சொல்வதற்கு மிச்சம் ஒன்றும் இருக்காது.

அன்றைக்கு எனக்கும் தண்ணீர் கிடைத்தது. குடித்து முடித்தேன்.

"பொய் சொல்லப் படிச்சுக் கொடுக்கிறீங்க."

"எழுத, டீச்சர்" என்றேன், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு.

"அந்தக் கண்ணாடிக்காரர நான் நம்பிட்டேன்" என்றார். அப்புறம் மேசையைப் பார்த்துக்கொண்டு, "கட்டுரை நோட்டுல ஒரு கட்டுரைகூடக் குறையக் கூடாது. மத்தத நான் பார்க்கல" என்றார். நான் எழுந்து வாசல்வரை வந்ததும் கேட்டார்: "அந்த நோட்டெல்லாம் எங்க வைக்கிறீங்க?"

"ஸ்டாஃப் ரூம் பீரோவுல."

"பூட்டு இருக்கா?"

"இல்ல."

"வாங்கி மாட்டுங்க."

சரி என்றேன். மாட்டவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியிலேயே பூட்டுக் கடை இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் போனேன். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் போய்விட்டது.

இனி மாரீஸ்வரி. ஜன்னலோரம் உட்காருவாள். பொய் எழுதும் அமளியிலும் அவள் நோட்டு வெள்ளையாகவே இருந்தது. மக்குப் பிள்ளை இல்லை. கணக்கில் கெட்டி, கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். ரேஷன் கார்டுக்கு மனுவோ, ஊருக்குக் கடுதாசியோ, அவர்கள் தெருவுக்கே அவள்தான் எழுதுவாள். "ஏன்ட்டி எழுதல?" என்று கேட்டால், "எனக்கு ஒண்ணும் நடக்கல டீச்சர்" என்பாள். நான் ஒரு கோபக்காரி, இரண்டு தடவை அதட்டியிருக்கிறேன். மூன்றாம் தடவை புத்தி வந்தது. "ஒனக்கு நடக்காட்டிப் போகுது. வேற யாருக்காவது நடக்க விடேன்" என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அதன் அடுத்த வாரம் ஒரு பக்கம். நான் ஊருக்குப் போகும் பஸ்ஸில் வாசித்துக்கொண்டே போய், என் நிறுத்தத்தைத் தாண்டி இறங்கினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

செண்பகம் என்று ஒரு பொம்பளை. பஞ்சு மில்லில் வேலை. பிடியில் நீல நூல் சுற்றிய, மூடி நெளிந்த தூக்குவாளியோடு காலை ஷிப்டுக்கு டவுன் பஸ்ஸில் ஏறுகிறாள். மில் நிறுத்தம் வருகிறது. எல்லோரும் இறங்குகிறார்கள். அவள் இறங்கவில்லை. ஏன் என்று மாரீஸ்வரி எழுதவில்லை, 'இறங்கவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தாள். பஸ் ஸ்டாண்டுவரை போய், அங்கிருந்து அய்யனார் கோவில் பஸ் ஏறி, அருவித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, அந்த நீல நூல் தூக்குவாளியின் நெளிந்த மூடியைத் திறந்து சோற்றைச் சூடாகச் சாப்பிடுகிறாள். மில்லில் சாப்பிடும்போது ஆறிப்போயிருக்குமாம், அதில் பஞ்சு வேறு பறந்து விழுமாம். ஷிப்ட் முடிகிற நேரத்துக்குச் சரியாக வீடு வந்துவிடுகிறாள். அடுத்த தடவை மகாராஜபுரம் போகிறாள், நடவு வயலில் நிற்கிறவர்கள் "யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்க, "யாரு வீட்டுப் பொண்ணுமில்ல" என்று சொல்லிச் சிரிக்கிறாள். ஏழாவது பக்கத்தில் மில் நிறுத்தம் தாண்டி பஸ் கிளம்புகிறது, செண்பகம் திரும்பிப் பார்க்கிறாள், பக்கத்து சீட்டில் இன்னொருத்தியும் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அதோடு அரைப் பரீட்சை வந்துவிட்டது.

பதினாலு வயசுப் பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு அப்படி எழுத வராது. அதைச் சொல்ல எனக்கு அப்போதும் வெட்கமில்லை, இப்போதும் இல்லை.

பரீட்சை முடிந்ததும் ஆய்வு வந்தது. பள்ளிக்கூடமே அமளிதுமளி. பழைய விடைத்தாள், கிழிந்த நோட்டு எல்லாவற்றையும் எடைக்குப் போட்டு அறைகளைச் சுத்தம் பண்ணுவது வழக்கம். நான் படியில் ஓடிக்கொண்டே ஆயாவிடம், "பீரோவுல கெடக்கிற பழைய நோட்டெல்லாம் எடைக்குப் போட்டுருங்க ஆயா" என்று சொல்லிவிட்டுப் போனேன். கட்டுரை நோட்டுகளுக்கு நல்ல அட்டை இருந்தது, அவை மேல் தட்டில் பத்திரமாக இருந்தன. சொந்த நோட்டுகளுக்கு அட்டை கிடையாது. ஓரம் பிசிறு, பக்கத்தில் போன வருஷக் கணக்கு, சாக்கு நூல் தையல். எந்தக் கண்ணுக்கும் அது குப்பைதான். ஆயா மேல் குற்றமே இல்லை. ஆய்வு அதிகாரி வந்தார், எண்ணினார், திருப்தி என்று எழுதிவிட்டுப் போனார்.

நாலு நாள் கழித்து மாரீஸ்வரி வரவில்லை. அவளுடைய அப்பா வந்தார். மரக்கடையில் அறுப்பு வேலை பார்க்கிறவர், சட்டையில் மரத்தூள் அப்படியே இருந்தது. பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் உள்ளே போனபோது மாரீஸ்வரியின் அப்பா கையில் தண்ணீர்த் தம்ளர் இருந்தது, குடிக்கவில்லை. மேசையில் எண்ணெய் ஊறின ஒரு தாள். செண்பகம் அருவிக்குப் போன பக்கம்!

"டீக்கடையில வடை கட்டிக் குடுத்த தாளு டீச்சரு" என்றார் அவர். "கூட வேலை பாக்கவன் பத்து பேருக்கு முன்னால சத்தமா வாசிக்கான். நீல நூலு சுத்துன தூக்குவாளி, நெளிஞ்ச மூடி. 'ஏலே, இது ஒன் வீட்டுக்காரி தூக்குவாளில்லா'ங்கான். வாங்கிப் பாக்கேன், எம் மக கையெழுத்து. எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சிப் பாருங்க."

ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினேன். பீரோவின் கீழ்த்தட்டு துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. திரும்பி வந்தேன்.

"பொம்பளப்பிள்ள தாயப் பத்தி சும்மா எழுதுமா? பார்த்ததத்தான் எழுதியிருக்கும்னு மில்லு கேட்டுக்கே போயி விசாரிச்சேன். ஒரு நாளுகூட லீவு போடலன்னு டைம் கீப்பரு சொல்லிட்டாரு. அப்ப எம் மக பொய்யில்ல எழுதியிருக்கா? உண்மைன்னா எம் பொண்டாட்டி கெட்டா. பொய்யின்னா எம் மக கெட்டா. எப்படிப் பார்த்தாலும் எங்குடும்பம்தான் சந்தி சிரிக்கி. போதும் டீச்சரு, பேரை அடிச்சுருங்க. தறிக்கு நூலு சுத்தப் போகட்டும்."

"பொய் எழுதச் சொன்னது நான்தாங்க" என்றேன். "பிள்ள மேல தப்பில்ல. திட்டணும்னா என்னத் திட்டுங்க."

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். அப்போது பெரிய டீச்சர் எழுந்து நின்றார். "அவங்க சொன்னாங்க. நான்தான் அனுமதி கொடுத்தேன். தப்பு என் மேல" என்றார். 'மத்தத நான் பார்க்கல' என்று சொன்ன அதே மனுஷி! அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் பணி ஓய்வு பெறும்வரை அவர் பேரைச் சொல்லித்தான் காலையில் சாக்பீஸைக் கையில் எடுத்தேன்.

"நாளைக்குக் காலையில வீட்டம்மாவையும் பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் பேர அடிக்க மாட்டேன்" என்றார் அவரிடம். அவர் தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். பெரிய டீச்சர் அந்தக் குடிக்காத தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

"பூட்டு எங்க?"

நான் அழுதுவிட்டேன். அவர் குடையை எடுத்தார். "வாங்க, போவோம்" என்றார்.

பழைய பேப்பர் கடை காதர் பாய் எங்களைக் கண்டதும் பதறி எழுந்தார். பெரிய டீச்சர் அவர் கடைக்கு வந்ததே இல்லை. விஷயத்தைச் சொன்னோம். "அதெல்லாம் அன்னைக்கே போச்சே டீச்சர். சேவுக் கடை ரெண்டு கட்டு, டீக்கடைக்காரவுக ஆளுக்கு ஒரு கட்டு" என்றார். பிள்ளைகளின் ரகசியமெல்லாம் காராச்சேவு மடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருக்கிறது! யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சத்தியம் பண்ணினவள் நான்.

காதர் பாய் தலையைச் சொறிந்தார். "ஒண்ணு மட்டும் இருக்கு. பிரிச்சுக் கட்டும்போது கண்ணுல பட்டுச்சு, வாசிச்சேன். அதைக் குடுக்க மனசு வரல." கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து சாக்கு நூல் தைத்த ஒரு கட்டை எடுத்தார். முதல் இரண்டு தாள் இல்லை. மூன்றாவது தாளிலிருந்து செண்பகம் அப்படியே இருந்தாள். "ஆமா டீச்சர், அந்தப் பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கது யாரு? ரெண்டு நாளா யோசிக்கேன்" என்று என்னையே கேட்டார்.

மற்ற நோட்டுகளுக்காக அன்றைக்கு எத்தனையோ கடை ஏறி இறங்கினோம். பெரிய டீச்சர் ஒவ்வொரு கடையிலும் குடையை மடக்கி, "எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க தாள் இருக்கா?" என்று கேட்டார். பாதிதான் திரும்பி வந்தது. மறுநாள் முதல் பீரியடில் வகுப்பு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். நூர்ஜகான் மட்டும் எழுந்து, "எங்கண்ணாடிக் கதைய சேவுக் கடை அண்ணன் நல்லாருக்குன்னு சொன்னாவ டீச்சர்" என்றாள். அவள் நெஞ்சு அகலத்துக்கு நான் எங்கே போவேன்.

பத்து மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். மாரீஸ்வரியின் கண் வீங்கியிருந்தது. அவளுடைய அம்மா வேலம்மாள் மெலிந்த உருவம், தலைமுடியில் இன்னும் ஒன்றிரண்டு பஞ்சு இழை. கையில் நீல நூல் சுற்றிய அதே தூக்குவாளி. இங்கிருந்து நேரே மத்தியான ஷிப்டுக்குப் போகிறவர். பெரிய டீச்சர் மூவரையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். இந்த முறை எல்லோரும் குடித்தார்கள். பெரிய டீச்சர் காத்திருந்தார்.

வேலம்மாள்தான் முதலில் பேசினார், புருஷனைப் பார்க்காமல். "பதினேழு வருசமா வேலைக்குப் போறேன் டீச்சர். ஒரு நாளும் பிந்துனதில்ல. இவிய கேட்டுல போயி விசாரிச்சிருக்காவ. டைம் கீப்பரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" மாரீஸ்வரியின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "ஊரே வாசிச்சிருக்கு. எனக்குத்தான் எழுத்துக் கூட்ட வராது. எம் பேர்ல என்னதான் எழுதியிருக்கான்னு எனக்கு ஒருத்தரும் முழுசா சொல்லல" என்றார் வேலம்மாள்.

பெரிய டீச்சர் எண்ணெய்த் தாளையும் காதர் பாய் கொடுத்த கட்டையும் மாரீஸ்வரி பக்கம் நகர்த்தினார். "வாசிம்மா."

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். தொலைந்துபோன முதல் பக்கத்தை மனப்பாடமாகவே சொன்னாள். முதலில் குரலே எழவில்லை. 'மில் நிறுத்தம் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். செண்பகம் இறங்கவில்லை' என்ற இடத்தில் வேலம்மாளின் கை தூக்குவாளிப் பிடியை இறுக்கியது. அருவியில் கால் வைத்துச் சூடாகச் சாப்பிடுகிற இடம் வந்தபோது அந்த அம்மா சேலைத் தலைப்பை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். நான் பயந்தேன், கோபமோ என்று. 'யாரு வீட்டுப் பொண்ணுமில்ல' என்ற இடத்தில் அவர் அழுதுகொண்டே சிரித்தார். மாரீஸ்வரியின் குரல் அப்போதுதான் நிமிர்ந்தது. தான் எழுதினது ஒருத்தரை என்ன செய்கிறது என்று ஒரு பிள்ளை முதல் தடவை கண்ணால் பார்க்கிற நேரம் அது. முப்பத்து மூன்று வருஷ வேலையில் அந்த முகத்தை நான் நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறேன்.

வாசித்து முடித்ததும் வேலம்மாள் மகளைப் பார்த்தார்.

"ஒனக்கு யாருட்டி சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. பொய்தான்."

"மில்லு ஸ்டாப்பு வரும்போது தெனமும் நெனப்பேன், இன்னைக்கு ஒரு நாளு எறங்காம இருந்தா என்னன்னு. ஒங்க அய்யாகிட்டகூடச் சொன்னதில்ல. ஒனக்கு எப்படிட்டி தெரியும்?"

மாரீஸ்வரியின் அப்பா பெண்டாட்டியை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்க்கிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெனமுமா?" என்றார் மெதுவாக.

"ஆமா, தெனமும். ஆனா எறங்கிருவேன்ல!" என்றார் வேலம்மாள் வெடுக்கென்று. அப்புறம் மகளிடம், "பொறவு? பக்கத்து சீட்டுல இருந்தாளே, அவ யாரு?"

"இன்னும் எழுதல. நோட்டு போயிருச்சு."

வேலம்மாள் புருஷன் பக்கம் திரும்பினார். "இவளத் தறிக்கு அனுப்பிட்டா மிச்சத்த யாரு எழுதுவா, நீங்களா?"

அந்த மனிதர் வெகுநேரம் சட்டையில் இருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "தூக்குவாளிய மட்டும் மாத்தி எழுதச் சொல்லுங்க டீச்சரு" என்றார். பெரிய டீச்சர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மாரீஸ்வரி அங்கிருந்து நேரே வகுப்புக்குப் போனாள். நான் அன்று சாயந்தரம் பூட்டு வாங்கினேன்.

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் புதுசாகத் தைத்த நோட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மாரீஸ்வரி எட்டாவது பக்கத்தை முடித்துவிட்டு வாசிக்க எழுந்தாள். வாசலில் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். வேலம்மாள். கையில் அதே தூக்குவாளி. மத்தியான ஷிப்டுக்குச் சங்கு ஊதி அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

"என்னம்மா, இன்னைக்கு வேலை இல்லையா?"

"இருக்கு டீச்சர்" என்றார். கடைசி பெஞ்சில் பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்து தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டார். "இவ அய்யாகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன். மில்லு ஸ்டாப்பு வந்துச்சு. நான் எறங்கல."